உட்குறியும் உபாத்தியாயர் கடமையும்

புறவுலகத்துப் பொருள்களை ஐம்பொறிகளின் வாயிலாக அறிதல் கல்வியின் ஒரு கூறு. தன் சரீரத்தினுள்ளே நிகழ்வனவற்றை அறிதல் அதன் மற்றொரு கூறு. முன்னையதற்கு நம் வித்தியாசாலைகளிலே பாடங்கள் பல உள. பின்னையதற்கோ சுகாதார பாடத்திலே உறுப்புக்களின் பெயரும் தொழிலும் கற்பிக்கப்படுகின்றன. அவ்வுறுப்புக்கள் இடையறாது விடுக்குஞ் செய்தியைக் கேட்டறியும் பயிற்சி கற்பிக்கப்படுதல் அரிது. இருதயத்தின் அறைகள் நான்கு என்று பிழையின்றிச் சொல்லும் மாணாக்கன், தன் நெஞ்சு படபடத்தற்குக் காரணம் ஓட்டமோ, பசியோ, பயமோ, சுரமோ என்று பகுத்துணர மாட்டாது நிற்கின்றான். இக்குறையை நீக்குதற்கு உபாத்தியாயர் செய்யத்தக்கது யாது என்பதை, வன்னிப் பெருநிலத்து நெடுங்கேணி போன்ற ஊர்களின் வித்தியாசாலைகளை மனத்திற்கொண்டு, ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

உட்குறி இன்னதென்பது

பசி, நீர்வேட்கை, மலசலவேகம், நித்திரைக் கனம், இளைப்பு, நெஞ்சத்துடிப்பு, மூச்சின் நெருக்கம், உடற்சூடு, குளிர்நடுக்கம், குமட்டல், வலி என்பன உடம்பினுள்ளிருந்து எழுவன. இவற்றை உட்குறி என வழங்குவோம். ஆங்கில நாட்டு உடற்றொழிலறிஞராகிய சார்ல்ஸ் ஷெரிங்டன் 1906ஆம் ஆண்டில் நரம்பு மண்டலத்தைக் குறித்து வெளியிட்ட நூலிலே, புறப்பொருளை அறியும் உணர்ச்சி, அவயவங்களின் நிலையையும் அசைவையும் அறியும் உணர்ச்சி, உள்ளுறுப்புக்களின் நிலையை அறியும் உணர்ச்சி என வேறுபடுத்திக் காட்டினார். இவர் 1932ஆம் ஆண்டில் நோபெல் பரிசு பெற்றவர்.

மூளையினின்றும் இறங்கி இருதயம், சுவாசப்பை, இரைப்பை, குடல் என்பவற்றிற் பரவும் பத்தாம் மண்டை நரம்பை எடுத்துக்கொள்வோம். மூளையின் கட்டளையைக் கீழே கொண்டுசெல்வதே அதன் தொழில் என்று பலர் எண்ணுவர். ஆராய்ந்து பார்த்தவிடத்து, அதன் நார்களுட் பெரும்பாலன உள்ளுறுப்புக்களின் செய்தியை மேலே கொண்டுவருவனவாகக் காணப்பட்டன. அரசனுக்கு ஆணையோலை எழுதுவாரினும் ஒற்றர் மிக்க நாடு போல்வது நம் சரீரம். அங்ஙனம் வருஞ் செய்திகளை ஒருங்கு பெறும் இடங்களுள் ஒன்று, மூளையின் பக்கமடிப்பினுள்ளே மறைந்து கிடக்கும் இன்சுலா என்னும் பகுதி. தீவு என்பது அப்பெயரின் பொருள்.

செய்தி வருதல் வேறு. அது கவனிக்கப்படுதல் வேறு. அதன் பொருள் நிச்சயிக்கப்படுதல் வேறு. நம் சித்தாந்த நூல்கள் அந்தக்கரணங்களை மனம், புத்தி, அகங்காரம், சித்தம் என நான்காக வகுத்து, பற்றுவது மனம் என்றும், துணிவது புத்தி என்றும் கூறுதலை ஆசிரியர்கள் அறிவர். மனம் பற்றிய அளவிலே அறிவு முற்றுப்பெறாது. புத்தி துணிதலும் வேண்டும். உட்குறியைப் பற்றிய கல்வியும் இவ்விரு படியையும் உடையது. கவனித்தல் முதற்படி, ஆராய்ந்து துணிதல் இரண்டாம் படி. நம்புதல் என்பது இவ்விரண்டின் பின்னரே வரற்பாலது.

ஒரு தடை

சரீரம் நிலையற்றது, ஆன்மா அதனின் வேறு என்று போதிக்கும் நாம், சரீரத்தின் குறிகளுக்கு இத்துணை மதிப்பளித்தல் தகுமோ எனின், தகும் என்க. மெய்கண்ட தேவர் சிவஞானபோதத்து மூன்றாஞ் சூத்திரத்திலே ஆன்மாவின் உண்மையை நிறுவும்போது, ஒருவன் தன் உடம்பைத் தன்னின் வேறாக வைத்து என்னுடையது என்று சொல்லுதலை ஓர் ஏதுவாகக் கொண்டார். பசிக்கின்றது என்று அறிபவன் பசியின் வேறாயவன். இவ்வேறுபாட்டைச் சிறுவன் அநுபவத்தில் உணர்தற்கு, தன் பசியை உற்று நோக்குதலினும் எளிய வழி யாதுளது? தன் சரீரத்திலே நிகழ்வது இன்னதென்று அறியாதவன் அதனோடு ஒன்றுபட்டுக் கிடக்கின்றான். பசியினாற் கோபித்துவிட்டுக் காரணம் அறியாது தோழனை வையும் பிள்ளை அதற்கு உதாரணம். அன்றியும், தனு கரணங்கள் ஆன்மாக்களின் பொருட்டு இறைவனால் உபகரிக்கப்பட்டன என்பது நம் கோட்பாடு. உபகரிக்கப்பட்ட கருவியின் ஒலியைச் செவிமடாது விடுதல் துறவாகாது. அது கருவியைப் பேணாத குற்றமேயாம்.

அடக்கத் தகுவனவும் தகாதனவும்

இன்னொரு தடையும் உண்டு. அடக்கம் நம் கல்வியின் அணிகலம். உடம்பு கேட்டபோதெல்லாம் கொடுத்தால் அடக்கம் யாண்டையது என்று சில ஆசிரியர் வினவுவர். இவ்வினாவுக்கு விடை நம் தேசத்து வைத்திய நூல்களில் முன்னரே உளது. சரக சங்கிதையின் சூத்திரத்தானத்து ஏழாம் அத்தியாயம் இவ்விஷயத்திற்கென்றே அமைந்தது. சிறுநீர், மலம், காற்று, வாந்தி, தும்மல், ஏப்பம், கொட்டாவி, பசி, நீர்வேட்கை, கண்ணீர், நித்திரை, உழைப்பினால் எழும் பெருமூச்சு முதலிய 13 வேகங்களை அடக்கலாகாது என அது விதிக்கின்றது. அவற்றை அடக்குதலால் வரும் நோய்களையும் வகுத்துரைக்கின்றது. அதே அத்தியாயம் அடக்கத்தகும் வேகங்களையும் எண்ணுகின்றது: பேராசை, கோபம், பொறாமை, செருக்கு முதலியன அவை. தமிழ்ச் சித்த வைத்தியத்திலே 14 வேகங்கள் என வழங்கும் தொகையும் இக்கருத்தினதே.

இப்பாகுபாடு உபாத்தியாயர்க்கு மிகப் பயன்படுவது. சிறுநீர் கழிக்க எழும் வேகமும், அயலான் எழுதுகோலைப் பறிக்க எழும் வேகமும் பிள்ளைக்கு ஒரே தன்மையவாய்த் தோன்றலாம். முன்னையதற்கு இடங்கொடுத்தும் பின்னையதை மறித்தும் பழக்குதல் ஆசிரியர் தொழில். நம் வகுப்பறைகளிலோ இது தலைமாறி நிகழ்தல் உண்டு. “சேர், ஒருக்கா வெளியால போட்டு வரட்டோ?” என்று கேட்கும் பிள்ளையை, “இருந்து பாடத்தைக் கவனி” என்று மறுக்கின்றோம். அம்மறுப்பு நான்கு முறை நிகழ்ந்தால் பிள்ளை கேளாதொழியும். ஆசிரியர் அதனை அடக்கம் என்று மகிழ்வர். பிள்ளை கற்றுக்கொண்டதோ, தன் உடம்பு சொல்வது பொருட்படுத்தத்தகாதது என்பதே.

எட்டு வயதுப் பிள்ளையின் மூத்திரப்பை ஏறக்குறைய 270 மில்லிலீற்றர் கொள்ளும். வயதோடு ஒன்றைக் கூட்டி 30ஆற் பெருக்குதல் வைத்தியர் கைக்கொள்ளும் கணக்கு. காலை 7.30 மணிக்குத் தொடங்கும் வித்தியாசாலை பிற்பகல் 1.30 மணிக்குக் கலைகின்றது. இடைவேளையன்றி வேறு வேளை இல்லை என்று விதித்தால், நீர் குடித்த பிள்ளை அவதியுறும்; அவதிக்கு அஞ்சிய பிள்ளை நீர் குடியாதுவிடும். தாழ்ப்பாள் இல்லாத மலசலகூடத்துக்கு அஞ்சி, விடிந்தது முதல் வீடு திரும்பும்வரை ஒருமிடறு நீரும் பருகாத பெண்பிள்ளைகள் பல தேசத்து வித்தியாசாலைகளிலும் உளர். அடக்கிய சிறுநீரால் மூத்திரப்பையிற் கிருமி பெருகுதலும், அடக்கிய மலத்தாற் குடல் தன் உணர்ச்சி மழுங்குதலும் வைத்தியர் கண்டவை. பலகால் அடக்கப்பட்ட குறி பின்னர்த் தானே எழாதொழிதல் இவ்விஷயத்திற் கவனிக்கத்தக்கது. அப்பொழுது நம்புதற்கும் ஒன்றுமில்லை.

விரதத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லல் வேண்டும். விரதம் பசியை அறியாதிருத்தலன்று. பசியை நன்கறிந்து, அதனைக் கண்டு நின்று, ஒரு காலவரையறைக்குள்ளே உணவை ஒழித்தலே விரதம். ஆதலின் விரதம் உட்குறிக் கல்விக்குப் பகையாகாது. அது அக்கல்வியின் மேல்வகுப்பு. கீழ்வகுப்பிலுள்ள சிறுவரையும், நோயாளரையும், மருந்துண்போரையும் விரதத்திற்கு வற்புறுத்தலாகாது. கந்தசட்டியிலே உபவாசமிருக்கும் மேல்வகுப்பு மாணாக்கன் ஒருவனுக்குத் தலைச்சுற்றும் கைந்நடுக்கமும் உண்டாயின், அக்குறிக்குச் செவிகொடுத்தல் விரதபங்கம் என்று அவன் அஞ்சாதிருக்குமாறு முன்னரே அறிவித்தல் ஆசிரியர் கடன். திருவள்ளுவரும் மருந்து என்னும் 95ஆம் அதிகாரத்திலே, முன்னுண்டது அற்றமை அறிந்து, பசித்தபின் உண்ணுதலை வலியுறுத்தினார். அற்றது அறிதலும் பசி அறிதலும் உட்குறி அறிதலன்றிப் பிறிதில்லை.

வன்னியிலே நீர்வேட்கை

நெடுங்கேணி வவுனியா மாவட்டத்தின் வடபாகத்திலே, புளியங்குளத்தினின்று கிழக்கே முல்லைத்தீவை நோக்கிச் செல்லும் வழியில் உள்ளது. காடும் வயலும் குளமும் சூழ்ந்த வறள்வலய நிலம் அது. மழையின் பெரும்பகுதி ஐப்பசி முதல் மார்கழி வரையிற் பெய்துவிடும். பின்னர் வரும் மாதங்களில், சிறப்பாகப் பங்குனி சித்திரையில், வெப்பம் கடிது. கேணியின் பெயரையே தன் பெயராகக் கொண்ட ஊரிலே நீரின் அருமையை எவரும் எடுத்துச் சொல்ல வேண்டுவதில்லை. உடம்பினுள்ளே நீர் குறையும் முறையையோ எடுத்துச் சொல்லல் வேண்டும்.

இரத்தத்தின் செறிவு நூற்றுக்கு ஒன்று அல்லது இரண்டு பங்கு மிகுந்த அளவிலே மூளையின் அடிப்பகுதியிலுள்ள நுண்ணிய உணர்கருவிகள் அதனை அறிந்து நீர்வேட்கையை எழுப்பும். இஃது ஆச்சரியமான நுட்பம். எனினும் ஓடி விளையாடும் சிறுவர் இக்குறி எழுந்தும் கவனியார். விளையாட்டின் மகிழ்ச்சி அதனை மூடிவிடும். முதியோர்க்கோ குறியே மந்தப்படும். உடலின் நிறையில் நூற்றுக்கு இரண்டு பங்கு நீர் குறையின் உழைக்கும் ஆற்றலும் கவனமும் தளரும். 25 கிலோகிராம் நிறையுள்ள பிள்ளைக்கு அஃது அரை லீற்றர். வெயிலிற் பயிற்சி செய்யும் பிள்ளை அதனை வியர்வையாய் இழத்தல் அரிதன்று. நான்காம் பாடவேளையிலே பிள்ளைகள் சோர்ந்து கிடத்தலைச் சோம்பல் என்று தண்டிக்குமுன், அவர் எப்பொழுது நீர் குடித்தனர் என்று வினவுக.

நீர்வேட்கையின் குரல் தாழ்ந்தவிடத்து அதற்குச் சாட்சியாய் நிற்பது சிறுநீரின் நிறம். வைக்கோலின் இளநிறமாயின் நீர் போதியது. தேயிலைச்சாயம் போற் கறுத்திருப்பின் போதாது. இதனைக் கூச்சமின்றிக் கற்பிக்கலாம். விளையாட்டுப் போட்டிக் காலத்திலே தலைவலி, தலைச்சுற்று, குமட்டல், தசைப்பிடிப்பு என்னும் குறிகளுள் ஒன்று தோன்றின் உடனே ஓட்டத்தை நிறுத்தி நிழலில் இருத்துக. பேச்சுத் தடுமாறினும் நினைவு மயங்கினும், காலதாமதமின்றி உடம்பை நீரால் நனைத்து விசிறிக்கொண்டே வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்க. “இன்னும் ஒரு சுற்றுத்தானே” என்று ஊக்குவித்தல் அவ்வேளையில் வீரமன்று.

குறி மெய்; பொருள் ஆராயத்தக்கது

உட்குறி எழுவது மெய். அதற்கு நாம் கற்பிக்கும் பொருள் பிழைபடலாம். கயிற்றை அரவெனக் கண்டவனுக்குக் கயிறு இல்பொருளன்று, துணிவே தவறியது. உடம்பின் விஷயத்திலும் இவ்வாறே. நெஞ்சத்துடிப்பு ஓட்டத்தாலும், பயத்தாலும், மகிழ்ச்சியாலும், சுரத்தாலும், இரத்தக் குறைவாலும் மிகும். துடிப்பை உணர்ந்தவன் காரணத்தையும் உணர்ந்தானென்று கொள்ளற்க.

வன்னியிலே இது பெரிதும் வேண்டப்படும் விவேகம். 2009ஆம் ஆண்டில் முடிவுற்ற போரினால் நெடுங்கேணியும் அயலூர்களும் பட்ட இடப்பெயர்வும் இழப்பும் யாவரும் அறிந்தவை. உலங்கு வானூர்தியின் ஒலி கேட்டவளவிலே நெஞ்சு இடித்து, உள்ளங்கை வியர்த்து, அடிவயிறு கலங்குவோர் இன்றும் உளர். அவர் உடம்பு பொய் சொல்லவில்லை; முன்னொருகால் உயிர்காத்த எச்சரிக்கையை அது மீட்டும் ஒலிக்கின்றது. ஆயினும் இன்று ஆபத்து இல்லை. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்து உளமருத்துவப் பேராசிரியராய் விளங்கிய தயா சோமசுந்தரம் 1993ஆம் ஆண்டில் வெளியிட்ட மனவடு என்னும் நூல் முதலியவற்றால், நம் மக்கள் மனத்துயரைத் தலையிடி, நெஞ்சுநோ, உடல் உளைவு முதலிய உடற்குறிகளாகவே பெரும்பாலும் வெளியிடுதல் நன்கு விளங்கும். போரின்பின் பிறந்த பிள்ளைகளும் பெற்றோரின் திடுக்கத்தைப் பார்த்தே திடுக்குறப் பழகியிருத்தல் கூடும். அங்ஙனம் நடுங்கும் பிள்ளையிடம் “ஒன்றுமில்லை” என்று சொல்லுதல் பயன்படாது. அவனுக்கு ஒன்று நிகழ்கின்றது. “நெஞ்சு அடிக்குதோ? அடிக்கட்டும், காலை நிலத்திலே ஊன்று, மூச்சை மெல்ல விடு, சுற்றிலும் பார்” என்று குறியை ஏற்றுப் பொருளைத் திருத்துதலே முறை.

பள்ளிக்கு வரும் வேளையில் மட்டும் வயிற்றுநோ எழும் பிள்ளைகளைப் பற்றியும் இதுவே சொல்லத்தக்கது. நடிப்பாய் இருக்கலாம் என்று ஐயுறுதல் இயல்பு. ஆயின் அச்சம் குடலின் அசைவையும் உணர்ச்சியையும் மாற்றுமாதலின், வைத்தியர் நோய் காணாத வயிற்றுவலியும் பிள்ளைக்கு மெய்யான வலியே. அடிக்கு அஞ்சியோ, ஏளனத்துக்கு அஞ்சியோ, வீட்டிலே நிகழும் யாதொன்றுக்கு அஞ்சியோ அது எழலாம். வலியை மறுத்தால் காரணத்தை அறியும் வழி அடைபடும். சிற்சில வேளை ஏமாற்றப்படுதலால் ஆசிரியர்க்கு வரும் நட்டம் சிறிது. மெய்யை மறுத்தலால் பிள்ளைக்கு வரும் நட்டம் பெரிது.

அப்பெருநட்டத்துக்கு வன்னியிலே ஓர் உதாரணம் உண்டு. எண்ணெய் விரியன், கட்டு விரியன் என்றெல்லாம் வழங்கும் பாம்பு, இரவிலே நிலத்திற் பாய்விரித்துத் துயில்வோரைக் கடிப்பது. கடிவாயிலே வீக்கமும் நோவும் பெரும்பாலும் இல்லை. கடித்த அடையாளமும் தெரியாதொழியலாம். விடியற்காலையிலே வயிற்றுநோவும் வாந்தியும் எழும். பின்னர் இமை தாழும், விழுங்குதல் அரிதாகும், மூச்சுத் தடைப்படும். நிலத்திற் படுத்தெழுந்த பிள்ளை காலையில் “வயிறு நோகுது, கண் திறக்க ஏலாமல் இருக்கு” என்று சொல்லின், அஃது ஆஸ்பத்திரிக்குக் கொண்டோட வேண்டிய வார்த்தை.

மௌனத்தை நம்பலாகாது

குறி எழுந்தால் அதனைக் கேட்க என்றோம். குறி எழாவிட்டால் நோயில்லை எனத் துணியலாமோ எனின், துணியலாகாது. 1990ஆம் ஆண்டுகளில் வடமத்திய மாகாணத்துப் பதவியா, மதவாச்சி முதலிய பகுதிகளிலே கமக்காரரிடையே ஒருவகை நாட்பட்ட சிறுநீரக நோய் மிகுந்து காணப்பட்டது. நீரிழிவு, இரத்த அழுத்தம் என்னும் வழக்கமான காரணம் இன்மையின், காரணம் அறியப்படாத சிறுநீரக நோய் என்றே அதற்குப் பெயர் வழங்கிற்று. பின்னர் வவுனியா, முல்லைத்தீவு மாவட்டங்களின் பகுதிகளிலும் அது காணப்பட்டது. வெயிலில் உழைக்கும்போது நீர் குறைதல், குடிநீரின் வன்மையும் புளோரைட்டும், வேளாண் இரசாயனங்கள் என்பன ஆராய்ச்சியாளர் ஐயுறுங் காரணங்கள். சிறுநீரகம் தன் தொழிலிற் பெரும்பங்கை இழக்குமளவும் யாதொரு நோவும் காட்டாதிருத்தல் அந்நோயின் கொடுமை. வீக்கமும் களைப்பும் உணவில் வெறுப்பும் தோன்றுங் காலத்திலே நோய் முதிர்ந்துவிடும். இரத்தத்திலே கிரியற்றினினையும் சிறுநீரிலே புரதத்தையும் சோதித்தலே முன்னறியும் வழி. இரத்த அழுத்தமும் நீரிழிவும் தொடக்கத்திற் பெரும்பாலும் இவ்வாறே மௌனமானவை.

“எனக்கு ஒரு வருத்தமும் இல்லை, எதற்கு இரத்தம் குத்துவான்?” என்று மறுக்கும் தந்தைக்குப் பிள்ளை வாயிலாக இதனை அறிவித்தல் உபாத்தியாயர் செய்யக்கூடிய பேருபகாரம். ஆகவே உட்குறியை நம்புதலின் எல்லை இது: எழுந்த குறியைப் புறக்கணியற்க, எழாமையைச் சாட்சியாக்கற்க.

சொல் இன்றேல் உணர்வும் மங்கும்

கவனித்ததைச் சொல்லுதற்குச் சொல் வேண்டும். இவ்விஷயத்திலே நம் பேச்சுத்தமிழ் செல்வமுடையது. நோ, குத்து, உளைவு, கடுப்பு, எரிவு, இடி, விறைப்பு, பிடிப்பு, இழுப்பு, அலுப்பு, களைப்பு, விடாய், படபடப்பு, திடுக்கம், புரட்டல், கலக்கம் என ஒவ்வொன்றும் வெவ்வேறு உணர்ச்சியைச் சுட்டுவன. கால் உளைவு வேறு, கால் கடுப்பு வேறு என்பதைப் பாட்டிமார் அறிவர். இக்காலத்துப் பிள்ளைகள் இவை யாவற்றையும் “ஒரு மாதிரி இருக்கு” என்னும் ஒரு தொடரிலே அடக்கிவிடுகின்றனர். ஒரு மாதிரி என்பதைக் கேட்ட வைத்தியர் யாது செய்வர்? வயிறு எரிகின்றதென்பதும், குத்துகின்றதென்பதும், புரட்டுகின்றதென்பதும் அவருக்கு வெவ்வேறு வழியைக் காட்டும். சொற்களை மீட்டுக் கொடுத்தல் மொழிப்பாடமும் ஆம், உடற்பாடமும் ஆம்.

பாடம் நடத்தும் முறை

மூன்று பாடங்களை ஈண்டுக் குறிக்கின்றோம். நான்காம் ஐந்தாம் வகுப்புக்களுக்கு இவை பொருந்தும்.

முதற் பாடம்: நெஞ்சத்துடிப்பு. பிள்ளைகளை நிமிர்ந்து இருத்தி, நாடியைத் தொடாமலே, அரை நிமிடநேரம் தம் துடிப்பை மனத்துள் எண்ணச் சொல்லுக. பின்னர் மணிக்கட்டிலே விரல் வைத்து அரை நிமிடம் எண்ணி, இரண்டு தொகையையும் ஒப்பிடச் செய்க. 1981ஆம் ஆண்டில் ரைனர் ஷாண்ட்ரி என்னும் ஜெர்மானிய உளநூலறிஞர் கைக்கொண்ட சோதனையின் எளிய வடிவம் இது. பலர் தொகை பொருந்தாது; அஃது இழுக்கன்று. முற்றத்தை ஒருமுறை சுற்றி ஓடிவந்தபின் மீட்டும் எண்ணின், துடிப்புத் தெளிவாய்த் தோன்றுதலைப் பிள்ளைகள் தாமே கண்டு கூறுவர். யாருடைய தொகை சிறந்தது என்று பரிசளிக்கற்க. மூச்சு நோயோ இருதய நோயோ உடைய பிள்ளையை ஓடவிடற்க.

இரண்டாம் பாடம்: சொற்கோவை. வீட்டிலுள்ள முதியோரிடம் வினவி, உடம்பின் உணர்ச்சியைக் குறிக்கும் ஐந்து சொற்களை ஒவ்வொரு பிள்ளையும் எழுதிவருக. கரும்பலகையிலே அவற்றைத் தொகுத்து, எவ்வெவ் வுறுப்புக்கு எச்சொல் வழங்கும் என்று வகுக்க. பின்னர் ஒவ்வொரு சொல்லையும் வைத்து ஒரு வாக்கியம் அமைக்கச் செய்க.

மூன்றாம் பாடம்: நான்கு வினா. உடம்பிலே யாதொன்று தோன்றினும், எங்கே, எத்தன்மைத்து, எப்பொழுது தொடங்கிற்று, எதனாற் குறைகின்றது அல்லது கூடுகின்றது என்னும் நான்கு வினாவையும் தன்னைத்தானே வினவப் பழக்குக. தலையிடிக்கின்றது என்ற பிள்ளை, காலையிலே உண்ணாமை நினைவு வந்து “பசியாய் இருக்கலாம்” என்று தானே சொல்லுமாயின் பாடம் பலித்தது என்க. ஐந்தாவதாக, “யாரிடம் சொல்வேன்?” என்னும் வினாவையும் சேர்த்துக்கொள்க. தன்னைத் தொடுவாரது தொடுதல் பிள்ளைக்கு அருவருப்பையோ அச்சத்தையோ உள்ளே எழுப்பின், தொடுபவர் எத்துணைப் பெரியவராயினும், அவ்வுட்குறியை நம்பி விலகவும், நம்பத்தக்க ஒருவரிடஞ் சொல்லவும் உரிமை உண்டென்பதை இவ்விடத்திலே தெளிவாய்ப் போதிக்க. பெரியோரை வணங்கக் கற்பிக்கும் நாம் இதனையும் உடன் கற்பியாவிடின், வணக்கம் தீயோர் கையிற் கருவியாய்விடும்.

இப்பாடங்கள் பலிப்பதற்கு முன்வேண்டுவன சில உள. வகுப்பறையிலே மூடிய நீர்க்குடமும் கிண்ணமும் இருத்தல் வேண்டும். மலசலகூடத்துக் கதவிலே தாழ்ப்பாளும், உள்ளே நீரும் இருத்தல் வேண்டும். கேட்ட பிள்ளைக்கு வினாவின்றி விடைகொடுக்கும் வழக்கம் ஆசிரியரிடத்து இருத்தல் வேண்டும். இவை இல்லாதவிடத்து, உடம்பின் சொல்லைக் கேள் என்று வாயாற் போதித்து, கேளாதே என்று செயலாற் போதித்தவராவோம். பிள்ளைகள் செயலையே கற்பர். தாழ்ப்பாள் ஒன்றின் விலை சிறிது. பெற்றோர் ஆசிரியர் சங்கத்தின் அடுத்த கூட்டத்திலே அதனை முதற் கருமமாக எடுத்துக்கொள்ளுமாறு ஆசிரிய அன்பர்களை வேண்டுகின்றோம்.